இது பச்சைத்தண்ணி இல்ல பாஸ்!



செங்கம் பக்கத்துப் பசங்களுக்கு மே மாசம்னா ரெண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, மண்டையைப் பிளக்குற வெயில். இன்னொண்ணு, அதுலேர்ந்து தப்பிச்சு ஜவ்வாது மலை ஏறுறது. பரமனந்தல் தாண்டி ஜமுனாமரத்தூர் ரோட்டைப் பிடிச்சுட்டா காத்தே வேற மாதிரி ஆகிடும். ஆனா, கார் சீட்டுல இருக்குற உங்களுக்கு ஜில்லுனு இருக்கும்போது, பானெட்டுக்குள்ள இருக்குற இன்ஜின் ‘ஐயோ சாமி’ன்னு அலறிக்கிட்டு இருக்கும். ஏன்னா வண்டியில ஆறு பேர், செகண்ட் கியர், ஸ்பீடு இருபதைத் தாண்டலை. இன்ஜினுக்கு வேலை டபுள், ரேடியேட்டர்ல அடிக்கிற காத்து பாதி. டெம்பரேச்சர் முள் சத்தமில்லாம மேல ஏறும்.

அப்புறம் நடக்குறது நீங்க பார்த்த காட்சிதான். வளைவுக்குப் பக்கத்துல பானெட்டைத் திறந்து போட்ட ஒரு கார், ரோட்டோரக் கல்லு மேல உட்கார்ந்திருக்குற ஒரு குடும்பம், கையில பாட்டிலோட ஒரு மாமா.

“தண்ணிதானே... ஊத்துப்பா!”

இந்த வாரம் நம்ம சண்டையே இந்த ‘தண்ணிதானே’ங்கிற வார்த்தையோடதான்.

1767 செப்டம்பர்ல ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் இதே செங்கத்துல மோதிக்கிட்டாங்க. அன்னிக்குக் கணவாயைத் தாண்டுற வண்டிக்குக் கூலிங் சிஸ்டம்னா, மாட்டுக்கும் குதிரைக்கும் குளத்துல தண்ணி காட்டுறதுதான். அதுங்க குடிச்சுட்டுப் போய்க்கிட்டே இருந்திருக்கும். உங்க வீட்டுக் கார் அப்படிக் கிடையாது. அதுக்குள்ள ஓடுற பச்சை நிறத் திரவத்தைப் பலரும் ‘பச்சைத்தண்ணி’யாவே நினைச்சுடறாங்க. ஊத்தும்போதும் தண்ணின்னு நினைக்கிறாங்க, கழட்டிக் கொட்டும்போதும் தண்ணின்னு நினைக்கிறாங்க. முதல் தப்புக்கு இன்ஜின் தண்டம் கட்டும். ரெண்டாவது தப்புக்கு யார் தண்டம் கட்டுவாங்கன்னு கடைசியில சொல்றேன்.

அப்ப அதுல என்னதான் இருக்கு?

எத்திலீன் கிளைக்கால்னு ஒரு கெமிக்கல், கூடவே துருப்பிடிக்காம காப்பாத்துற சில மருந்துகள், மிச்சம் சுத்தமான தண்ணி. அவ்வளவுதான் கூலன்ட். குளிர் நாடுகள்ல ரேடியேட்டர் தண்ணி ஐஸ் ஆகாம இருக்கணும்னுதான் இதைப் பிரபலப்படுத்தினாங்க. பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது. ‘நம்ம ஊர்ல எங்க ஐஸ் ஆகுது? அப்ப நமக்கு வேணாமே!’ன்னு கேட்குறீங்களா? நல்ல கேள்வி. நமக்கு வேண்டியது இதோட மத்த ரெண்டு குணம்.

ஒண்ணு, கொதிக்கிற சூடு. வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். அதுவும் கடல் மட்டத்துலதான். ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கே, அது 725 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல தண்ணி சுமார் தொண்ணூத்தேழரை டிகிரியிலேயே கொதிச்சுடும். இன்ஜின் சாதாரணமா ஓடும்போதே 90 டிகிரியைத் தொடும்ங்கிறதையும் சேர்த்துப் பாருங்க, விஷயம் புரியும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா இந்தக் கொதிநிலை ஆறேழு டிகிரி கூடும். அதுக்கு மேல ரேடியேட்டர் மூடி இருக்கு. அது வெறும் மூடி இல்ல, நம்ம வீட்டு குக்கர் வெயிட் மாதிரி. உள்ள பிரஷரைப் பிடிச்சு வெச்சுக் கொதிநிலையை 120 டிகிரிக்கும் மேல தள்ளிடும்.

ரெண்டாவது, துரு. இன்ஜினுக்குள்ள இரும்பு, அலுமினியம், தாமிரம், ஈயப் பற்று எல்லாம் ஒரே திரவத்துல நனைஞ்சுக்கிட்டு இருக்கு. வேற வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி... ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட ஒரு பேட்டரி! மெல்ல மெல்ல ஒரு உலோகம் அரிச்சுக்கிட்டே போகும். அதைத் தடுக்கிறதுதான் கூலன்ட்ல இருக்குற மருந்துகளோட வேலை. கிளைக்கால் சீக்கிரம் கெட்டுப்போகாது, ஆனா இந்த மருந்துகள் தீர்ந்துபோயிடும். பார்க்கப் பச்சையாவே இருந்தாலும் ரெண்டு வருஷம், நாப்பதாயிரம் கிலோமீட்டர்ல பழைய வகைக் கூலன்ட்டை மாத்தச் சொல்றது இதனாலதான். ‘ஆர்கானிக் ஆசிட்’ வகைப் புதுக் கூலன்ட்டுகள் அஞ்சு வருஷம் வரைக்கும் தாங்கும்.

போர் தண்ணி பண்ற வேலை

உங்க வீட்டு போர் தண்ணியில சோப்பு போட்டா நுரை வருதா? வெந்நீர் வைக்கிற பாத்திரத்து அடியில வெள்ளையாப் படியுதா? அதே சமாச்சாரம்தான் இன்ஜினுக்குள்ளயும் படியும். நம்ம பக்கம் பாறை பூமி. பாறையிடுக்குல ஊறி வர்ற தண்ணி கால்சியமும் மெக்னீசியமும் கரைச்சுக்கிட்டுத்தான் வரும். குடிதண்ணிக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தரநிர்ணய அளவு சொல்லுது. ஒரு லிட்டருக்கு அத்தனை உப்புன்னா, ஒவ்வொரு தடவையும் ஊத்த ஊத்த எவ்வளவு சேரும்? ரேடியேட்டர்ல இருக்குற சன்னமான குழாய்கள் ஒண்ணொண்ணா அடைக்கும். சூட்டை வெளியே விடாம அந்த வெள்ளைப் படிவு போர்வை மாதிரி போர்த்திக்கும்.

அப்புறம் என்ன? இன்னிக்கு ஒரு லிட்டர் ஓசித் தண்ணி, நாளைக்கு ஹெட் கேஸ்கெட். அந்தச் செலவுல உங்க ஒரு செமஸ்டர் ஃபீஸைக் கட்டிடலாம். அது உங்க காசு இல்ல, அப்பா காசுங்கிறதுதான் இன்னும் வலிக்கும்!

நானே மாத்தலாமா?

தாராளமா... ஆனா எல்லா வண்டியிலும் இல்ல. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ மாதிரி, ரேடியேட்டர் மேலேயே மூடி இருக்குற எளிமையான வண்டின்னா கையை வைக்கலாம். வாரன்ட்டி இருக்குற புது வண்டி, டர்போ வண்டி, ஹைபிரிட், எலெக்ட்ரிக்... இதுல எல்லாம் தள்ளி நில்லுங்க. எலெக்ட்ரிக் கார் பேட்டரியைக் குளிர வைக்கிற கூலன்ட்டே வேற ரகம்.

இன்னொரு செக்கிங். ஆயில் அளக்குற டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தாலோ, கூலன்ட் மேல எண்ணெய் மிதந்தாலோ, கேஸ்கெட் போயிருக்கலாம். கூலன்ட் மாத்துறது அதுக்கு வைத்தியம் இல்ல. வண்டியை ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்க. வாரா வாரம் அளவு குறைஞ்சுக்கிட்டே போனாலும், முதல்ல எங்க ஒழுகுதுன்னுதான் கண்டுபிடிக்கணும்.

கடையில வாங்கும்போது கலரைப் பார்த்து வாங்காதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுற சாயம்தான். வண்டியோட புத்தகத்துல எந்த வகைன்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க. கேன் மேல ஐ.எஸ். 5759 இல்லன்னா ஜே.ஐ.எஸ். கே 2234ன்னு தர நம்பர் இருக்கான்னும் பாருங்க. ரெண்டு வகையைக் கலந்தா மருந்தோட ஆயுசு குறையும், சமயத்துல கூழ் மாதிரி திரிஞ்சும் போகலாம்.

வாங்க, வேலையில இறங்குவோம்!

தேவையானது: கான்சன்ட்ரேட் கூலன்ட், பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர், அகலமான ஒரு டப், புனல், அளக்குற ஜக், பிளையர், கிளவுஸ், மூடி உள்ள பழைய 20 லிட்டர் கேன். (பேட்டரி ஆசிட்டும் பக்கத்துலயே இருக்கும். மாத்தி வாங்கிடாதீங்க!)

ஒண்ணு: காலையில, ராத்திரி பூரா நின்ன வண்டியில மட்டும்தான் ஆரம்பிக்கணும். ஓடி வந்த வண்டியோட ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பீங்களா? திறந்தா 100 டிகிரிக்கு மேல இருக்குற திரவம் பிரஷர் போனதும் ஆவியாப் பொங்கி மூஞ்சியிலதான் அடிக்கும். துணியைச் சுத்திக்கிட்டுத் திறக்குற வீரம் எல்லாம் வேணாம்.

ரெண்டு: சமதளத்துல வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க. மூடியைத் திறங்க. அடியில டப்பை வெச்சு, ரேடியேட்டர் கீழே இருக்குற வடிகால் திருகைத் திறங்க. திருகு இல்லன்னா கீழ் ஹோஸோட கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை இழுங்க. ரிசர்வ் டேங்க்கையும் கழட்டிக் காலி பண்ணிக் கழுவிடுங்க. வடிஞ்சது எத்தனை லிட்டர்னு அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. இந்த நம்பர் அப்புறமா வேணும்.

மூணு: திருகை மூடிட்டு நல்ல தண்ணி நிரப்புங்க. ஹீட்டர் இருந்தா ஃபுல் ஹாட்ல வைங்க. ரேடியேட்டர் மூடியைப் போட்டு இன்ஜினை ஓட விடுங்க. மேல் ஹோஸ் சூடாகி, ஃபேன் ஒரு தடவை சுத்தி நின்னா, தெர்மோஸ்டாட் திறந்து உள்ள எல்லா இடத்துக்கும் தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம். ஆஃப் பண்ணுங்க. நல்லா ஆறட்டும். (அவசரப்படாம போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க!) அப்புறம் வடிச்சுடுங்க.

நாலு: இதையே இன்னும் ரெண்டு தடவை. ஏன்னு கேட்டா, கணக்கு இருக்கு. மொத்தம் நாலு லிட்டர் பிடிக்கிற வண்டியில திருகைத் திறந்தா வடியறது ரெண்டரை லிட்டர்னு வெச்சுக்குங்க. ஒன்றரை லிட்டர் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே தங்கிடும். அதனால முதல் அலசலுக்கு அப்புறமும் பழசு 37 சதவீதம் இருக்கும். ரெண்டாவதுல 14. மூணாவதுலதான் அஞ்சுக்கு இறங்கும். முதல் ரெண்டுக்கு ஆர்.ஓ. தண்ணி போதும். மூணாவது மட்டும் டிஸ்டில்டு வாட்டர்.

ரெண்டு எச்சரிக்கை. மூடுன ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட்டாதீங்க, புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைச் சாய்ச்சுடும். எலெக்ட்ரிக் ஃபேன் எப்ப சுத்தும்னு சொல்ல முடியாது, துப்பட்டா, லுங்கி நுனி, விரல் எல்லாம் தூரம் இருக்கட்டும்.

கோட்டை விடுற இடம்

அலசிட்டுப் பலரும் ‘ரெடி மிக்ஸ்’ கூலன்ட்டை ரெண்டரை லிட்டர் ஊத்திட்டு மூடிடறாங்க. உள்ள ஏற்கெனவே ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணி இருக்கே? பாதிக்குப் பாதின்னு நினைச்ச கலவை 31 சதவீதமா நீர்த்துடும்! அதனால மொத்தக் கொள்ளளவுல பாதியை, அதாவது நாலு லிட்டர் வண்டிக்கு ரெண்டு லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதல்ல ஊத்துங்க. மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால நிரப்புங்க. உங்க வண்டியோட கொள்ளளவு புத்தகத்துல இருக்கும். அதுலேர்ந்து நீங்க பேப்பர்ல எழுதி வெச்ச நம்பரைக் கழிச்சா, உள்ள தங்குறது எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்.

‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’னு கான்சன்ட்ரேட்டை மட்டும் ஊத்துறதும் தப்பு. சூட்டைச் சுமக்குறதுல கிளைக்காலை விடத் தண்ணிதான் கில்லாடி. கிளைக்கால் ரொம்பக் கூடினா இன்ஜின் இன்னும்தான் சூடாகும்.

அடுத்தது ஏர் லாக். நிரப்பும்போது உள்ள காத்து மாட்டிக்கிச்சுன்னா அந்த இடத்துக்குக் கூலன்ட் போகாது. முன் பக்கம் கொஞ்சம் மேடா இருக்குற மாதிரி வண்டியை நிறுத்துங்க. மூடியைத் திறந்து வெச்சே, ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மிதமா ஓட விடுங்க. குமிழ் குமிழா வந்து அளவு இறங்கும், ஊத்திக்கிட்டே வாங்க. குமிழ் நின்னதும், பொங்கி வர்றதுக்கு முன்னாடியே மூடிடுங்க. ரிசர்வ் டேங்க்கை ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிரப்புங்க. மறுநாள் காலையில ஆறின பிறகு அளவை ஒரு தடவை பாருங்க, குறைஞ்சிருந்தா ஊத்துங்க. வேலை முடிஞ்சது.

முடிஞ்சதா?

டப்பைப் பாருங்க. பழைய கூலன்ட், மூணு அலசல் தண்ணி, மொத்தம் பத்து லிட்டர் நிக்குது. ‘தண்ணிதானே’ன்னு தென்னை மரத்தடியிலயோ தெருக் கால்வாய்லயோ கொட்டத் தோணும்.

கொட்டாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுதான் சிக்கலே! கசந்தா நாய் மோந்து பார்த்துட்டுப் போயிடும். இது தித்திப்பா இருக்குறதால நக்கிக் குடிக்கும். பத்து கிலோ எடை உள்ள நாய்க்கு 50, 60 மில்லி கான்சன்ட்ரேட் போதும், உயிர் போயிடும். பூனைக்கு இன்னும் கம்மி. வெயில் காலத்துல தண்ணி தேடி அலையுற ஆடு, மாடு, கோழி எதுவும் டப்புல இருக்குறது என்னன்னு யோசிக்காது. உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் இதை அமிலமா மாத்துது. கடைசியில அது சின்னச் சின்னப் படிகமா கிட்னியில போய் அடைக்குது. முதல்ல போதை ஏறின மாதிரி தள்ளாடும், அப்புறம் சரியான மாதிரி தெரியும், ஒண்ணு ரெண்டு நாள்ல கிட்னி நின்னுபோகும்.

மனுஷங்களுக்கும் இதே கதைதான். 2025 அக்டோபர் நியூஸ் ஞாபகம் இருக்கா? காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்துபோனாங்க. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்ப அந்த மருந்துல 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. நம்ம டப்புல இருக்குறதுக்கு அது ஒண்ணுவிட்ட தம்பி. அதுவும் இனிக்கும், அதுவும் கிட்னியைத்தான் தேடிப் போகும். அதனால மிச்சக் கூலன்ட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி ஜன்னல்ல வைக்கிற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. வீட்டுல ஒரு குட்டிப் பாப்பா இருந்தா போதும்... மேல சொல்லத் தேவையில்ல.

யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கிறது, பால் குடுக்கிறதுன்னு வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே 108. கூலன்ட் கேனையும் கையோட எடுத்துட்டுப் போங்க, டாக்டர் பார்த்தாதான் எதுக்கு வைத்தியம் பண்றதுன்னு தெரியும். இதுக்கு முறிமருந்து இருக்கு, ஆனா சீக்கிரம் போனாதான் வேலை செய்யும். ஆடு, மாடு, நாய்க்குன்னா 1962.

வடிச்ச எல்லாத்தையும் அந்த 20 லிட்டர் கேன்ல ஊத்தி, இறுக்க மூடி, ‘விஷம் – பழைய கூலன்ட்’னு மார்க்கர்ல கொட்டை எழுத்துல எழுதுங்க. பழைய ஆயிலோட கலக்காதீங்க. கழிவுநீரைச் சுத்திகரிக்கிற வசதி இருக்குற கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டு ஒப்படைங்க. செங்கத்துலேர்ந்து திருவண்ணாமலைக்குக் காலேஜ் போறவங்க யாராவது அடுத்த தடவை வண்டியில போகும்போது எடுத்துட்டுப் போனா வேலை முடிஞ்சது. கீழே சிந்தின இடத்துல மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வெச்சு, அதையும் அள்ளிக் கட்டிடுங்க. வேலை முடியுற வரைக்கும் டப்பை மூடாம அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரக் கூடாது. சாப்பிடப் போறப்பவும்தான்!

ஏன் இவ்வளவு கறார்னு கேட்டா, செங்கத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. செய்யாறு ஜவ்வாது மலையில பிறந்து, குப்பநத்தம் அணையில தேங்கி, செங்கத்தைத் தொட்டுக்கிட்டு, கடைசியில பாலாத்துல போய்ச் சேருது. மலைபடுகடாம்ல சேயாறுன்னு வர்றது இதே ஆறுதான். கால்வாய்ல கொட்டுன ரேடியேட்டர் கழிவு மழை வந்தா ஏரிக்கும் ஆத்துக்கும்தான் போகும். கிளைக்கால் மக்கும்போது தண்ணியில இருக்குற ஆக்சிஜனை இழுத்துக்கும், மீன் திணறும். இன்ஜின்லேர்ந்து கரைஞ்சு வந்த தாமிரமும் ஈயமும் மக்கவே மக்காது.

மொத்தமா ஒரு நாள் வேலை ஃப்ரெண்ட்ஸ். அதுல முக்கால்வாசி நேரம் இன்ஜின் ஆறட்டும்னு காத்திருக்குறதுதான். அந்த நேரத்துல ஹோஸ் எங்கயாவது வெடிச்சிருக்கா, அமுக்கினா கொழகொழன்னு இருக்கா, மூடியோட ரப்பர் நல்லா இருக்கான்னு பார்த்து வைங்க. அப்படியும் மலையில முள் ஏறினா ஏ.சி.யை ஆஃப் பண்ணி, ஹீட்டரை ஃபுல்லா வெச்சு, பத்திரமான இடத்துல நிறுத்துங்க. ஆவி வந்தா இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாம, சூடான இன்ஜின் மேல தண்ணி ஊத்தாம உட்காருங்க. பாட்டிலோட ஓடி வர்ற மாமாவையும் பக்கத்துல உட்கார வெச்சு, “மாமா, அது பச்சைத்தண்ணி இல்ல...”ன்னு ஆரம்பிங்க. முக்கால் மணி நேரம் ஓடிடும்!

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா?